உங்களுக்குத் தெரியுமா? போர் விமான மாடலும் அதன் அழுக்கும்

பிளாஸ்டிக் கிட் வாங்கிப் போர் விமான மாடல் செய்பவர்களுக்கு, ஒட்டிப் பெயின்ட் அடித்து முடித்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். புத்தம் புதிதாக மின்னும் அந்த விமானத்தின் மேல் புகைக்கரி, எண்ணெய்க் கசிவு, வெயிலில் வெளுத்த நிறம், பூட்ஸ் தேய்த்த தடம் என்று எல்லாவற்றையும் அளவு பிசகாமல் ஏற்றுவது மீதி வேலை. அதற்கு 'வெதரிங்' என்று பெயர். கண்ட இடத்தில் கறுப்பைப் பூசிவிட்டு அதை வெதரிங் என்று சொல்லக் கூடாது. மாடலில் இருக்கும் ஒவ்வொரு கறைக்கும் அசல் விமானத்தில் ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். அந்தக் காரணங்களைத் தேடிப் போகும்போது கிடைத்த செய்திகள் இவை.

★ ஆறடிக்கு ஓர் அங்குலம்
1/72 அளவில் ஆறடி உயர விமானி ஓர் அங்குலம்தான் இருப்பார். 36 அடி 10 அங்குல இறக்கை விரிவு கொண்ட ஸ்பிட்ஃபயர், ஆறங்குலத்தைச் சற்றே தாண்டும். அதே விமானம் 1/48 அளவில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் வரும். 1/24 என்றால் பதினெட்டு அங்குலத்தையும் தாண்டிவிடும், அலமாரியில் தனித் தட்டு ஒதுக்க வேண்டியதுதான். 1930-களில் பிரிட்டனில் விற்ற 'ஸ்கைபேர்ட்ஸ்' மரக் கிட்கள் 1/72 அளவில் வந்தன. 1936-இல் 'ஃப்ராக்' நிறுவனம் அதே அளவில் பிளாஸ்டிக் கிட்களை விற்கத் தொடங்கியது.

★ மாணவர்கள் செதுக்கிய ஐந்து லட்சம்
1942-இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மாடல் விமானங்கள் செய்து தரும்படி கேட்டது. வானத்தில் தெரிவது நம் விமானமா, எதிரி விமானமா என்று சில விநாடிகளில் சொல்ல வீரர்களைப் பழக்க வேண்டியிருந்தது. அதற்கும் 1/72 அளவையே எடுத்துக்கொண்டார்கள். அந்த மாடலை 35 அடி தள்ளி நின்று பார்த்தால், அசல் விமானத்தைக் கிட்டத்தட்ட அரை மைல் தூரத்தில் பார்ப்பதற்குச் சமம். 35-ஐ 72-ஆல் பெருக்கினால் 2,520 அடி. பள்ளிகளின் மரவேலைக் கூடங்களில் செதுக்கிய அந்த மாடல்களுக்குக் கறுப்புப் பெயின்ட் ஒன்றுதான். தூரத்து வானத்தில் நிறமா தெரியும், வடிவம்தானே! பிறகு சிகாகோவின் 'க்ரூவர்' நிறுவனம் இத்தகைய மாடல்களைப் பிளாஸ்டிக்கில் வார்த்துத் தந்தது. தப்பிப் பிழைத்தவற்றைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

★ ஒரு கோட்டின் அகலம்
விமானத்தின் உலோகத் தகடுகள் சேரும் இடத்தை மாடலில் நுண்ணிய கோடாகச் செதுக்கியிருப்பார்கள். அந்தக் கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/72 மாடலில் அது அசலின் 14 மில்லிமீட்டருக்கும் மேலான இடைவெளி. அப்படி ஒரு விமானம் இருந்தால் தகடுகளுக்கு நடுவே விரலை விட்டுவிடலாம்! இவ்வளவு அகலமான கோட்டுக்குள் கருமையை நிரப்பி இன்னும் எடுப்பாகக் காட்டும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. படத்துக்கு அழகுதான், விமானத்துக்குப் பொருந்தாது. கறுப்புக்குப் பதிலாக, அடி நிறத்தைவிடச் சற்றே அழுத்தமான பழுப்போ சாம்பலோ போதும். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடிகள், அடிக்கடி கழற்றும் எஞ்சின் மூடித் தகடுகள் ஆகியவற்றின் விளிம்புகளில் மட்டும் கொஞ்சம் கருமை கூடலாம். அங்கேதான் மெக்கானிக்கின் கை பட்டது.

அந்தக் கருமை கோட்டுக்குள் தானாக ஓடும். ஆயில் பெயின்டை டர்பன்டைனில் நன்றாகக் கரைத்துப் பிரஷ் நுனியால் கோட்டில் ஓரிடத்தில் தொட்டாலே போதும். நுண்துளை ஈர்ப்பால் அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று ஓடிவிடும். ஆனால் அடியில் பளபளப்பான வார்னிஷ் இருக்க வேண்டும். சொரசொரப்பான பரப்பில் அது பரவித் திட்டாகிவிடும்.

★ ரிவெட்டின் மேல் பட்டாணிப் பருப்பு
ஸ்பிட்ஃபயரின் முதல் விமானமான 'கே 5054' 1936 மார்ச் 5 அன்று பறந்தது. அதன் உடல் முழுக்க ரிவெட்டுகளின் தலை தகட்டோடு தட்டையாகப் பதிந்திருந்தது. அப்படிப் பதிக்க நேரமும் பணமும் அதிகம். எங்கே உருண்டைத் தலை ரிவெட்டைப் போட்டுச் சிக்கனம் பிடிக்கலாம் என்று கண்டுபிடிக்க, பொறியாளர்கள் உடைத்த பட்டாணியை வாங்கி வந்து ஒவ்வொரு ரிவெட்டின் மேலும் ஒரு பருப்பாக ஒட்டிப் பறக்கவிட்டார்கள். வேகம் மணிக்கு 22 மைல் குறைந்தது. பிறகு பகுதி பகுதியாகப் பருப்பைச் சுரண்டி எடுத்து, மறுபடி மறுபடி பறந்து, எந்தப் பகுதி வேகத்தைத் தின்கிறது என்று கணக்கெடுத்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த ஆரம்பகால ஸ்பிட்ஃபயர்களில் இறக்கை தட்டைத் தலை ரிவெட்டுகளோடும், உடலின் பின்பகுதி உருண்டைத் தலை ரிவெட்டுகளோடும் இருந்ததற்கு இந்தச் சோதனைதான் வழிகாட்டியது. பெரிய அளவு மாடலில் ரிவெட் போடுபவர்கள், முன்னும் பின்னும் ஒரே மாதிரி போடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

★ வெள்ளி தெரியக் கூடாத இடங்கள்
பெயின்ட் உதிர்ந்து அலுமினியம் பளிச்சிடுவது, வெதரிங்கில் கண்ணை முதலில் இழுக்கும் விஷயம். அதனாலேயே அதிகம் தவறாகப் போவதும் இதுதான்.

ஹரிகேன் விமானத்தின் உடலில் பின்பாதி, இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் மரச் சட்டம் வைத்துத் துணி போர்த்தியது. துணியில் எங்கிருந்து வெள்ளிச் சில்லு வரும்? மொஸ்கிட்டோ விமானமோ உடலும் இறக்கையும் மரத்தாலானது. உடலை, பிர்ச் மர ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே லேசான பால்சா மரம் வைத்துச் செய்தார்கள். ஸ்பிட்ஃபயர் முழு உலோகம் என்று நினைப்போம், அதன் வால் சுக்கானில் துணி இருந்தது. ரோட்டால் நிறுவனத்தின் விசிறி இதழ்களில் பல, அழுத்திய மரத்தால் ஆனவை. அவற்றின் பெயின்ட் உதிர்ந்தால் அலுமினியம் தெரியாது. டி ஹேவிலண்ட் நிறுவனத்தின் உலோக இதழ்களில் தெரியும். ஒரே ரக விமானத்தில்கூட எந்த விசிறி பொருத்தியிருந்தது என்று பார்க்காமல் வெள்ளிப் பெயின்டைத் தொட வேண்டாம்.

★ இடது பக்கம்தான் அதிகம் தேயும்
ஸ்பிட்ஃபயரில் விமானி உள்ளே இறங்கும் சின்னக் கதவு இடப்பக்கம் இருக்கிறது. தினமும் பலமுறை பூட்ஸ் கால் ஏறி இறங்கியது இடது இறக்கையின் அடிப்பகுதியில். எனவே அங்கே தேய்மானமும் மண் தடமும் வலப்பக்கத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு இறக்கையிலும் ஒரே அளவு தேய்மானம் காட்டிய மாடலில் ஆள் ஏறியதற்கான அடையாளமே இல்லை.

★ உப்பும் ஹேர் ஸ்ப்ரேயும்
பெயின்ட் உதிர்வதைக் காட்ட இரண்டு எளிய வழிகள் இருக்கின்றன. ஒன்று சமையலறை உப்பு. அலுமினிய நிறம் அடித்து நன்றாகக் காய்ந்த பரப்பைத் தண்ணீரால் ஈரமாக்கி, வேண்டிய இடத்தில் உப்பைத் தூவுவார்கள். ஈரம் உலர்ந்ததும் உப்பு ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் பச்சையோ பழுப்போ ஏர்பிரஷ்ஷால் அடித்துக் காயவிட்டு, விரலால் தேய்த்தால் உப்புப் பரல் உதிர்ந்து, அது இருந்த இடத்தில் அடியிலுள்ள உலோக நிறம் தெரியும். மனிதக் கை திட்டமிட்டு வரைய முடியாத கோணல் மாணலான விளிம்பு கிடைக்கும்.

இன்னொன்று ஹேர் ஸ்ப்ரே. அலுமினிய நிறத்தின் மேல் அதை மெல்லிய படலமாக அடித்து, அதற்கு மேல் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட். பெயின்ட் முழுக்க இறுகுவதற்குள் ஓரிடத்தைத் தண்ணீரால் நனைத்து அரை நிமிடம் விடுங்கள். அடியிலிருக்கும் ஹேர் ஸ்ப்ரே கரைந்து மேல் பூச்சு பிடி தளரும். கட்டையான பிரஷ்ஷாலும் பல் குத்தும் குச்சியாலும் தொடத் தொட, சின்னச் சின்னச் செதிலாக உரிந்து வரும். எங்கே நிறுத்துவது என்பதுதான் இதில் கலை. 1/48 மாடலில் ஒரு மில்லிமீட்டர் சில்லு என்றால், அசலில் அது ஐந்து சென்டிமீட்டர் அளவுத் திட்டு.

★ புகையின் நிறம் கறுப்பா?
எல்லா நேரமும் அல்ல. போர்க்கால உயர் ஆக்டேன் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. எரிபொருளைச் சிக்கனமாக எரித்து நீண்ட தூரம் பறந்த விமானங்களின் எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பின்னால், ஈயப் படிவால் வெளிர் சாம்பலும் இளம்பழுப்புமான நீண்ட கறை விழுந்தது. பெட்ரோல் அதிகமாகக் கலந்து எரிந்தால்தான் கரிக் கறுப்பு. அனுபவசாலிகள் முதலில் கருங்கபிலத்தில் அகலமாக அடித்து, நடுவில் வெளிர் சாம்பலை மெலிதாக ஏற்றுவார்கள். கறை எப்போதும் காற்று ஓடிய திசையில் ஓடும். இறக்கையின் வளைவில் காற்று மேலேறி இறங்குவதைக் கறையும் பின்பற்றும்.

★ சுட்டுவிட்டு வந்ததா?
பிரிட்டன் வான்போரில் பறந்த எட்டுத் துப்பாக்கி ஸ்பிட்ஃபயரிலும் ஹரிகேனிலும், இறக்கையின் முன்விளிம்பிலுள்ள துப்பாக்கி வாய்களைச் சிவப்புத் துணி ஒட்டி மூடினார்கள். தூசு போகாமலும், உயரத்தில் ஈரம் உறைந்து துப்பாக்கி சிக்காமலும் இருக்க அந்த ஏற்பாடு. சுட்டால் துணி கிழியும். திறந்த வாய்களில் காற்று புகுந்து விசில் சத்தம் எழும். திரும்பி வரும் விமானம் விசிலடித்தால், தரையில் காத்திருந்தவர்களுக்குச் சண்டை நடந்தது தெரிந்துவிடும். மாடலில் சிவப்புத் துணி முழுதாக இருந்தால் இறக்கைக்கு அடியில் வெடிமருந்துப் புகைக் கறை இருக்கக் கூடாது. கறை போட்டால் துணியைக் கிழித்துவிட வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்த மாடல்கள் கண்காட்சிகளில் நிறைய.

★ அவசரத்தில் அடித்த பட்டை
1944 ஜூனில் நார்மண்டியில் இறங்குவதற்குச் சற்று முன், நேச நாட்டு விமானங்களில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்ட உத்தரவு வந்தது. மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. ஒற்றை எஞ்சின் விமானத்தில் பட்டைக்கு 18 அங்குலம். 1943 ஜூலையில் சிசிலியில் நேச நாட்டுப் போக்குவரத்து விமானங்கள் 23 தங்கள் தரப்பின் பீரங்கிக் குண்டுகளுக்கே இரையாகியிருந்தன. அது மீண்டும் நடக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்த அடையாளம். ரகசியம் காக்கக் கடைசி நேரத்தில்தான் சொன்னார்கள்; கிடைத்த பிரஷ்ஷை எடுத்து இரவோடு இரவாகப் பூசினார்கள். நாடா ஒட்டி நேர்க்கோட்டில் அடித்த பட்டையைவிட, விளிம்பு கோணி, பிரஷ் தடம் தெரியும் பட்டைதான் அந்த வாரத்து விமானத்துக்கு உண்மையானது.

★ ஸ்பிட்ஃபயரில் இளஞ்சிவப்பும் உண்டு! மேகத்துக்குக் கீழே தாழப் பறந்து உளவுப் படம் எடுத்த சில விமானங்களுக்கு அந்த நிறம். உயரப் பறந்தவற்றுக்கு நீலம்.

★ ரஷ்யக் களத்தில் விமானங்களுக்குக் குளிர்காலத்தில் கழுவினால் போகும் வெள்ளைப் பூச்சு. பனி உருகும் மாதத்தில் பாதி வெள்ளையும் பாதி பழைய பச்சையுமாகத் திட்டுத் திட்டாக நின்றன.

★ 1942-இல் 'வாஸ்ப்' விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து மால்டாவுக்குப் பறந்த ஸ்பிட்ஃபயர்களுக்கு எந்த நீலம் பூசினார்கள் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

★ உரிந்த ஜப்பானியப் பச்சை
ஜப்பானிய விமானம் என்றாலே பெயின்ட் உரிந்து தொங்க வேண்டும் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. தரைப்படையின் விமானங்கள் பல, வெறும் உலோகமாகத் தொழிற்சாலையை விட்டு வந்து, போர்முனையில் பச்சை பூசப்பட்டவை. அடிப்பூச்சு இல்லாததால் அவை வேகமாக உரிந்தன. ஆனால் 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய கடற்படையின் ஜீரோ விமானங்கள் நன்கு அடிப்பூச்சு கொடுத்து, பளபளப்பாகப் பராமரிக்கப்பட்டவை. விமானந்தாங்கியில் நின்ற ஜீரோவைச் சொறி பிடித்ததுபோல் காட்டுவது அந்தக் காலத்துக்குப் பொருந்தாது.

★ சிவப்பு வட்டம் போன கதை
ஜப்பானின் அடையாளம் சிவப்பு வட்டம். ஆகவே அமெரிக்கர்கள் 1942 மே மாதத்தில் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டை எடுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ், இந்திய விமானங்களும் பின்னால் பர்மா களத்தில் சிவப்பை விட்டு, கருநீலம், இளநீலம் மட்டுமே கொண்ட வட்டத்துக்கு மாறின. இது மாடல்காரருக்கு நாள் சொல்லும் அடையாளம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது ரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழும்பிய ஹரிகேன்களில் சிவப்பு இருந்தது. 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் பறக்கவிட்ட ஹரிகேனில் அது இருக்கக் கூடாது. ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட டெக்கால் தாளிலிருந்து எதை வெட்டுவது என்பதை அந்தத் தேதிதான் தீர்மானிக்கும்.

★ மதராஸின் பெயர் தாங்கிய விமானங்கள்
பிரிட்டிஷ் விமானப்படையின் 264-ஆவது ஸ்குவாட்ரனுக்கு 'மதராஸ் பிரசிடென்சி' என்று பெயர். 79-ஆவதற்கும் அதே பெயர். 102-ஆவது குண்டுவீச்சு ஸ்குவாட்ரனுக்குப் பெயர் 'சிலோன்'. போர் நிதி திரட்டித் தந்த நாடுகளையும் மாகாணங்களையும் சிறப்பிக்க வைத்த பெயர்கள் இவை. 264-ஆவது ஸ்குவாட்ரன் ஓட்டியது 'டிஃபையன்ட்' என்ற விசித்திரமான சண்டை விமானம். முன்னோக்கிச் சுடத் துப்பாக்கியே கிடையாது. விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு துப்பாக்கிகள். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் இதை 1/72 அளவில் கிட்டாக விற்றிருக்கிறது. தமிழ் வாசகர் முதல் மாடலுக்கு ஒரு விமானம் கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

இன்னும் பக்கத்தில் வேண்டுமா? சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியில் போர்க்காலத்தில் 240-ஆவது ஸ்குவாட்ரனின் கேட்டலினா பறக்கும் படகுகள் இறங்கி ஏறின. இலங்கையின் கொக்கலையிலிருந்து 1942 ஏப்ரல் 4 அன்று கேட்டலினாவில் போன கனடிய விமானி லெனர்ட் பர்ச்சால்தான் ஜப்பானியக் கப்பற்படையை முதலில் பார்த்துக் கம்பியில்லாத் தந்தியில் எச்சரிக்கை அனுப்பினார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 104 அடி இறக்கை கொண்ட கேட்டலினா 1/72-இல் 44 சென்டிமீட்டர். அதன் அடிவயிற்றில் நீர்மட்டம் நின்ற கோடும், அதற்குக் கீழே வெளுத்த பூச்சும் காட்டத் தவறாதீர்கள்.

★ வேலை மேசையிலிருந்து
பிளாஸ்டிக் பசை உண்மையில் ஒட்டுவதில்லை. இரண்டு விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக்குகிறது. ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனினால் ஆன பசையும் உண்டு. சூப்பர் குளூவின் ஆவி பட்டால் விமானியறைக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும், அங்கே வேண்டாம். கிட்டில் மிஞ்சும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்திச் சுடரில் இளக்கி இழுத்தால் ஆன்டெனா கம்பிக்கு ஏற்ற மெல்லிய இழை கிடைக்கும். மூக்குச் சக்கரம் உள்ள பி-25, பி-38 போன்றவற்றின் மூக்குக்குள் மீன்பிடி ஈயக்குண்டை வைத்து மூடாவிட்டால் மாடல் வாலில் உட்கார்ந்துவிடும். இணைப்புகளில் பட்டி பார்த்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பதே நல்லது, தூசு பறக்காது. ஏர்பிரஷ் எடுக்கும்போது ஜன்னலைத் திறந்து, ஆவியைத் தடுக்கும் மாஸ்க் போடுங்கள். துணி மாஸ்க் பயன்படாது.

★ அச்சுகளின் அரசியல்
1970-களில் ஃப்ராக் நிறுவனம் மூடப்பட்டபோது, அதன் எஃகு அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போய் 'நோவோ' என்ற பெயரில் கிட்களாக வெளிவந்தது. ஜெர்மன், ஜப்பானிய விமானங்களின் அச்சுகளை மட்டும் சோவியத் தரப்பு ஏற்கவில்லை. அவை ரெவெல் நிறுவனத்துக்குப் போயின.

★ அருங்காட்சியகத்தை எவ்வளவு நம்பலாம்?
1940 மே 26 அன்று கலே அருகே கடற்கரையில் இறங்கிய ஸ்பிட்ஃபயர் 'என் 3200' மணலில் புதைந்து, 1986-இல் வெளிப்பட்டு, 2014-இல் மீண்டும் பறந்தது. இன்று அது இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில். நம் நாட்டில் டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன், லிபரேட்டர் மூன்றையும் பார்க்கலாம். சக்கர அறையின் உள்பக்கம், எக்ஸாஸ்ட் குழாயின் வளைவு, கதவின் கொக்கி போன்றவற்றை நேரில் பார்ப்பதற்கு ஈடு கிடையாது. ஆனால் இத்தகைய விமானங்கள் பலமுறை மறுபூச்சு கண்டவை. வடிவத்துக்கு அவற்றை நம்புங்கள். நிறத்துக்கும் கறைக்கும் போர்க்காலப் புகைப்படத்தை மட்டும் நம்புங்கள்.

அதனால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். புழல், ரத்மலானை, திருகோணமலை சீனன்குடா போன்ற இடங்களில் உங்கள் தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ போர்க்காலத்தில் வேலை பார்த்திருந்தால், வீட்டிலுள்ள பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். பின்னணியில் ஒரு விமானத்தின் வால் தெரிந்தாலும் போதும், அந்தப் படத்தை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து, ஆண்டு, இடம், நிற்பவர் யார் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுக்க வேண்டாம். பின்பக்கம் எழுதியிருப்பதும் சேர்ந்து கிழிந்துவிடும்.